பானையைச் சுற்றி ஓர் ஆட்டம்

“அடியே செனைடா, உன் சாக்லேட் நாத்தம் குடலைப் புரட்டுது! கொக்கோவை அந்தப் பக்கம் தள்ளி வறுக்கக் கூடாதா?” என்று பக்கத்துக் கடைக்காரியிடம் எரிந்து விழுந்தாள் ஹெர்மினியா.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. சோள மட்டையில் பொதிந்து விடியலிலேயே அடுப்பில் ஏற்றிய தமால் கொழுக்கட்டை இன்னும் பச்சை மாவாகவே கிடந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் திருவிழாக் கூட்டம் அத்தனையும் எதிர்க் கடைக்குப் போய்விடும்.

தமால் வேகாவிட்டால் மெக்சிகோவின் ஒஹாகா பக்கம் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, பக்கத்தில் யாரோ கோபமாக நிற்கிறார்கள். இல்லாவிட்டால், மாசமாக இருப்பவள் யாரோ பானைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அடுப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஹெர்மினியா மறுபடியும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கடைமுன் பசியோடு உட்கார்ந்திருந்த தலைநகரத்துத் தம்பதியை முறைத்தாள். ஊர் ஊராகச் சந்தை பார்க்கக் கிளம்பியவர்கள். கணவன் ருபேனின் மடிகொள்ளாமல் ஒரு கறுப்பு மண்ஜாடி.

“ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“பின்னே? இந்த ஜாடியைப் பஸ்ல யார் சுமக்கிறதாம்?” என்று வெடித்தாள் மனைவி பாபியோலா.

“அதானே பார்த்தேன்! எழுந்திரிங்க. பானையைச் சுத்தி ஆடுங்க. அப்பத்தான் கோபம் எறங்கும்.”

ஜாடியைக் கட்டிக்கொண்டு ருபேன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சந்தையே கைதட்டியது. பாபியோலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போதாததற்குப் பரிகாரமாகப் பானையின் காதுகளில் சோள மட்டை நாடாவும் கட்டியாயிற்று. கோபம் போன இடம் தெரியவில்லை, மாவு மட்டும் வேகவில்லை.

ஹெர்மினியா மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் பாபியோலாவின் வயிற்றைப் பார்த்தாள்.

“தங்கச்சி, மறைக்காம சொல்லு. எத்தனை மாசம்?”

“ஐயோ, சத்தியமா இல்லக்கா! சந்தை சந்தையா தின்ன வயிறு இது!”

“யார்கிட்ட கதை விடறே? நான் மகளுக்கே கல்யாணம் பண்ணி வெச்சவ. எனக்குத் தெரியாதா?”

கோயில் மணி அடித்தது. கூட்டம் படியிறங்குவதைப் பார்த்ததும் ஹெர்மினியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துக் கடையில் கொக்கோ வறுத்துக்கொண்டிருந்த செனைடா, கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பொண்ணை விடுடி. இத்தனை வருஷமா மணத்த என் சாக்லேட் இன்னிக்கு யாருக்கு நாறுதோ, மாசமா இருக்கறவ அவதான்!”