பட்டாளத்திலிருந்து வந்த சொல்

மேச்சேரியில் மார்கழித் தூறல் நடுப்பகலையே அழுக்காக்கி வைத்திருக்கிறது. இங்கிலீஷ் வாத்தியார் பாக்கியநாதன் பட்டாளத்துக் கடிதத்தைத் தன் வீட்டு ஜன்னலருகே பிடித்து மூன்றாவது முறையாகப் படிக்கிறார். சீனச் சண்டைக்குப் போன மணியனைப் பற்றி அதில் இரண்டே வரிகள்தான். அவனுடைய தாய் பாப்பாயி, ஆட்டுப் புழுக்கை ஒட்டிய கால்களோடு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் எதிரே நிற்கிறாள். "மிஸ்ஸிங்குன்னு போட்டிருக்குதுங்கம்மா." அவளுக்குப் புரியவில்லை. அவர் அகராதியைப் புரட்டுகிறார். அதற்குத் தேவையே இல்லை. வருஷாவருஷம் வகுப்பில் நடத்துகிற சொல்தான். ரயிலைத் தவறவிட்டாலும் அதே சொல், சட்டையில் பொத்தான் இல்லையென்றாலும் அதே சொல், பிரிந்துபோனவரை நினைத்து ஏங்கினாலும் அதே சொல். அவர் விரல் அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் ஊர்கிறது. செத்தான் என்றோ இருக்கிறான் என்றோ அங்கே எதுவும் இல்லை. "பட்டாளத்துக் கடுதாசின்னதுமே பங்காளிக காரியம் பண்ணச் சொல்றாங்க. மருமவ தாலிய என்ன பண்றதுங்க சாமி?" வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "ஆளைக் காணோமுன்னுதானுங்க எழுதியிருக்கு."

பாப்பாயி கடிதத்தை வாங்கி, நான்காக மடித்து, மடியில் செருகுகிறாள். "ஆடு ஒண்ணு காணாமப் போனா, அது வார வரைக்கும் பட்டிப் படலைச் சாத்தமாட்டோமுங்க. நடையில குறுக்க நான் படுத்துக்குவேன்" என்கிறாள். வெளியே போகும்போது பழக்கத்தில் வாசற்கதவை இழுத்துச் சாத்துகிறாள். நாலு எட்டு நடந்தவள், நனைந்துகொண்டே திரும்பி வந்து, அதைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறாள்.