கடைசிக்கு ஓர் ஆள்

"அக்காவை எப்படியாவது குவான்ட்ல சேர்த்து விட்டுடுடா, கண்ணாடி. நான் பேசிப் பார்த்துட்டேன், பிடி கொடுக்கல. நீ சொன்னா கேப்பாங்க."

கேப்டன் இப்படிச் சொன்னதும் கேன்டீன் மேஜையில் இருந்த மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குச் சிறப்புப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மார்க்கெட்டிங், மனிதவளம் என்று பெரும்பாலோர் பத்திரமான பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். நல்ல சம்பளத்தைக் காட்டி இழுத்தாலும், புள்ளியியலும் கணக்குமாக மிரட்டும் குவான்ட்டுக்குப் பத்துப் பேர் தேறினால் பெரிது.

அந்தப் பாடத்துக்கு ஒரு பொல்லாத விதி இருந்தது. எல்லாரும் வெளுத்துக் கட்டினாலும் தரவரிசையில் கடைசியாக நிற்பவருக்குத் தேர்ச்சி கிடையாது. அவர் அந்த ஆண்டையே திரும்பப் படிக்க வேண்டும். கேப்டனின் யோசனை அதிலிருந்து பிறந்ததுதான். கடைசி இடத்துக்கென்றே ஓர் ஆளைக் கொண்டுவந்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அக்கா வகுப்பிலேயே மூத்தவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் சம்பளமில்லாத விடுப்புப் போட்டு, இரண்டு பிள்ளைகளையும் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். கணக்கு என்றால் காத தூரம் ஓடுவார். ஓர் ஆண்டு வீணானால் வேலையும் போய்விடும், படிப்பும் நின்றுவிடும்.

இதெல்லாம் கண்ணாடிக்குத் தெரியும். ஆனாலும் அவனால் கேப்டனிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. போன வாரம் கேப்டனே அவன் அறைக்கு வந்து, நீ இல்லாமல் எங்கள் செட்டே முழுசாகாது என்று குவான்ட்டுக்கு அழைத்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கில் தான் புலி இல்லை, அதற்காகப் பூனையும் இல்லை என்பது அவனுடைய சொந்த மதிப்பீடு.

மதியம் அக்காவிடம் போய், பயப்படாதீங்க, நாங்க எல்லாரும் இருக்கோம் என்று வாய் கூசாமல் சொன்னான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு, "சரி தம்பி, நீயே வந்து சொல்றே" என்றார். நான்கு மணிக்குக் கல்லூரி ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேப்டன் முதுகில் தட்டிக்கொடுத்தான். கண்ணாடிக்கு அது அடி விழுந்ததுபோல் இருந்தது. முதல் பருவத்தில் அவன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, மாத்திரையும் பிளாஸ்க்குமாக ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றது இந்த அக்காதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறான், இப்போது தானே செய்துவிட்டான். வெட்கத்தில் அவனுக்குத் தன் சட்டையே உறுத்தியது.

அவரைத் தேடிக்கொண்டு ஓடினான். நூலகப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். மனிதவளத்துக்கு மாத்திக்கோங்க."

"ஏன்? மத்தியானம் நீதானே சேரச் சொன்னே?"

சொல்லிவிட்டான். தாங்கள் தப்பிக்கக் கடைசிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டதையும், அதற்கு அவரைக் குறிவைத்ததையும், அதற்குத் தான் தரகு வேலை பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லச் சொல்லத் தலை தரையை நோக்கித் தாழ்ந்துகொண்டே போனது. இனி அவர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றான்.

அக்கா திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம்தான் அவன் முகத்தைவிட அதிகமாகக் கறுத்திருந்தது.

"நீ வந்து உண்மையைச் சொல்லிட்டே. எனக்கு அந்தத் துணிச்சல்கூட வரல தம்பி. ரெண்டு நாளா உன் மூஞ்சியைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. "உங்களுக்கு என்னக்கா கூச்சம்?"

"முந்தாநாள் கேப்டன் என்னைக் கூப்பிட வந்தப்போ, 'பயப்படாதீங்கக்கா, கடைசிக்கு ஓர் ஆளைப் போன வாரமே பிடிச்சாச்சு, கண்ணாடி இருக்கிறவரைக்கும் நீங்க ஃபெயிலாக மாட்டீங்க'ன்னான். அந்தத் தைரியத்துலதான் தம்பி, நானும் கையெழுத்துப் போட்டேன்."