கூட வந்த மீன்

“கூட வந்த மீனு ஏன் மாமா ஓடிப் போவல?”

கனிமொழி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. சோனாங்குப்பம் கரையில் இரண்டு கடல் விரால்கள் கிடந்தன. ஒன்றின் வாயில் தூண்டில் முள். மற்றதன் வாயில் எதுவும் இல்லை. முதுகில் கொக்கி குத்திய காயம் மட்டும் இருந்தது.

ஒன்று மாட்டிக்கொண்டால் கூடத் திரிந்தது அதை விட்டுப் போகாது, படகு வரைக்கும் வரும் என்று அவளுக்குச் சொன்னேன். அதனால்தான் மாட்டியதை உடனே ஏற்ற மாட்டோம். தண்ணீரிலேயே பிடித்து வைப்போம். தேடி வருவதைக் கொக்கிக் கழியால் குத்தித் தூக்கிய பிறகுதான் இதைத் தூக்குவோம்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பழனிவேல் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். என் சிநேகிதன், சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் இடையே மினி பஸ் ஓட்டியவன், லீவு நாளில் எங்களோடு கடலுக்கு வருவான். அப்போது அவனுக்கு இரண்டு கைகளும் மேலே எழுந்தன.

ஐந்து வருஷம் ஆகிறது. இன்று சிநேகிதன் எழிலனுடைய புதுப் படகில் எங்கள் கூட்டத்தில் மூன்று பேர்தான். எழிலன், அன்புமணி, நான். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக் கிளம்பும்போது, பழனிவேலையும் கூப்பிட்டிருக்கலாமே என்று அன்புமணி வாயை விட்டுவிட்டான்.

“என் போட்ல அவன் காலு படக்கூடாது,” என்றான் எழிலன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன எழிலன், தன் முதல் படகை எங்களிடம் விட்டுப் போனான். பழனிவேலும் நானும் மட்டும் கடலுக்குப் போனோம். எழிலன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். திரும்பும்போது தண்ணீர் வற்றியிருந்தால் முகத்துவாரத்துக்குள் நுழையக் கூடாது. ஏறும்வரை வெளியே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அலை படகைத் தூக்கிக் கற்கள்மேல் போட்டது.

நான் கயிற்றில் சிக்கி அடியில் கிடந்தேன். பழனிவேல் எட்டப்போய் விழுந்திருந்தான். அப்படியே நீந்திக் கரையேறியிருக்கலாம். என்னைத் தேடித் திரும்பி வந்தான். என்னை இழுத்து வெளியே தள்ளிய நேரத்தில், படகுக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் தோள் நசுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த எழிலன், சுக்கான் பிடித்தது யார் என்று கேட்டான். கட்டுப்போட்ட தோளோடு, தான்தான் என்றான் பழனிவேல். பக்கத்துக் கட்டிலில் நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அடுத்த மாதம் எழிலனுக்கும் என் தங்கை அனுப்பிரியாவுக்கும் கல்யாணம்.

படகு உடைந்துபோனதால் எழிலன் இரண்டு வருஷம் மற்றவர்கள் படகில் வேலைக்குப் போனான். பழனிவேலால் மினி பஸ் ஓட்ட முடியவில்லை. சிதம்பரத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறான். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நடராஜர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறேன். சாமியிடம் கேட்பது சுலபம். அங்கிருந்து சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம்தான். ஒருநாளும் நடந்ததில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் அன்புமணியின் தூண்டிலில் கனமாக ஒன்று இழுத்தது. கால்மணி நேரம் மல்லுக்கட்டிப் படகோரம் கொண்டுவந்தான். கடல் விரால். தண்ணீரிலேயே வைத்திரு என்று எழிலன் கை காட்டினான்.

நான் கொக்கிக் கழியோடு குனிந்தேன்.

மற்றது வந்தது. ஒரு முழ ஆழத்தில், மாட்டியதன் விலாவை உரசிக்கொண்டு நின்றது. அது திரும்பினால் இதுவும் திரும்பியது. என் நிழல் அதன்மேல் விழுந்தது. அப்போதும் விலகவில்லை.

எழிலன் குத்தச் சொன்னான். இரண்டாம் முறையும் சொன்னான்.

என் கை எழவில்லை.

கடைசியில் மாட்டியதை மட்டும் தூக்கிப் படகில் போட்டார்கள். கூட வந்தது, அது இருந்த இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு கீழே போய்விட்டது.

“அடுத்த வாட்டி இவன் கையில பொரிப் பொட்டலத்தக் குடு மச்சான்,” என்றான் அன்புமணி. “கோயில் கொளம்னு நெனச்சிக்கினான்.”

திரும்பும்போது அன்புமணி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு முன்பக்கம் தூங்கிப்போனான். நான் பின்னால் போய் எழிலன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கம்போல, கொஞ்ச நேரம் பிடி என்று சுக்கானை என் பக்கம் தள்ளினான். மூன்று வருஷமாக நான் எந்தப் படகிலும் சுக்கானைத் தொட்டதில்லை. எனக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

“அன்னைக்கி சுக்கான் என் கையிலதான் இருந்துச்சி மச்சான்,” என்றேன். “பழனிவேலு நிக்கலாம்னுதான் சொன்னான்.”

என்ஜின் சத்தத்தில் அன்புமணி அசையவில்லை.

எழிலன் என்னைப் பார்க்கவில்லை. கரையில் தெரிந்த மரங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். முகத்துவாரத்தை நெருங்கியதும் உள்ளே நுழையாமல் என்ஜினை நிறுத்தினான். படகு ஆடியது. அடிப்பான் என்று நினைத்தேன்.

“கனிமொழி இப்ப எத்தினியாவது படிக்குது?”

ஏழாவது என்றேன்.

தண்ணீர் ஏற இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அன்று நான் காத்திருக்காத அரைமணி நேரம்.