சீரில் வந்த கருப்புப் பவளம்

"தாயி, அதப் பாக்காமலே எழுதித் தர முடியாதா?"

வேணி கையிலிருந்த பிளேடை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார் ராமசுப்பு. அறுபது வயது. திருச்சுழிப் பக்கம் விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டம் போடுகிறவர். நகக்கண்ணில் ஏறிய கரி எந்தச் சோப்புக்கும் அசையாது. வேட்டி நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கிக்கொண்டிருந்தார்.

"பாக்காம எப்படிய்யா எழுதுறது? நான் எழுதுற ஒரு வரியிலதான் உங்க கேஸே இருக்கு."

"இல்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு கேட்டேன்."

பயத்தில் என்ன பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏழு வருஷமாகக் கருப்புப் பவளங்களை வகை பிரித்துப் பெயர் சொல்கிறவள். அங்கே தப்பாகச் சொன்னால் இன்னொருத்தர் கட்டுரை எழுதித் திருத்துவார், அவ்வளவுதான். லீவுக்கு அருப்புக்கோட்டைக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளை, ஊரிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேடவேண்டும் என்று வனத்துறை ரேஞ்சர் விஜயபாண்டி தன் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார். இங்கே தப்பாகச் சொன்னால் ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போவார். பவளமாகவே இருந்துவிட்டால், பாவம் பார்த்துப் பொய் எழுதவும் முடியாது.

மேசைமேல் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிய பொருள் கிடந்தது. விசிறி மாதிரி விரிந்த கருங்கிளை, பளபளவென்று வார்னிஷ். ராமசுப்பு தன் மகள் சத்யபிரியாவின் கல்யாணச் சீரில் வைத்துக் கொடுத்தது. கருப்புப் பவளம் மாட்டியிருந்தால் வீட்டுக்குக் கண்திருஷ்டி அண்டாது என்று மாப்பிள்ளை வீட்டார்தான் கேட்டு வாங்கினார்கள். அதோடு சம்பந்தி சும்மா இருந்திருக்கலாம். படம் பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். அது ஊரெல்லாம் சுற்றி ரேஞ்சர் போனுக்கே வந்து சேர்ந்தது.

"கருப்புப் பவளம் சட்டத்துல தடை பண்ணது. இத வச்சிருந்தாலே குத்தம். மூணு வருசத்துக்குக் குறையாது," என்றார் பக்கத்தில் நின்ற விஜயபாண்டி. "சம்பந்தியத்தான் மொதல்ல கூட்டியாந்தோம். இவரு தானா ஓடியாந்து, 'அவுக மேல தப்பில்ல, நாந்தான் கடக்கரையில வாங்கியாந்தேன்'னு எழுதிக் குடுத்துட்டாரு."

"எந்தக் கடக்கரைய்யா?" என்று கேட்டாள் வேணி.

"கடக்கரைதான் தாயி. ராமேஸ்வரத்துப் பக்கம்."

"வித்தவன் எப்படி இருந்தான்?"

"கருப்பா இருந்தான்."

"காலையிலேருந்து இதையேதான் சொல்றாரு," என்று தலையில் அடித்துக்கொண்டார் ரேஞ்சர். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சம்பந்தியும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். ராமசுப்புவின் பார்வை நிமிஷத்துக்கு ஒருதரம் அங்கே போய்வந்தது.

"மக எப்படிய்யா இருக்கா?" அவரைக் கொஞ்சம் ஆற்றலாம் என்று கேட்டாள்.

"கல்யாணமாகி நாலு மாசந்தான் ஆகுது தாயி. போன வாரம் மாமியாகாரி பீரோச் சாவிய அவ கையில குடுத்திருக்காக. சந்தோசமாப் போன் பண்ணுச்சு."

வேணி ஒரு நுனியைக் குறுக்கே நறுக்கி, கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிவந்த மைக்ரோஸ்கோப்புக்கடியில் வைத்தாள். வளையம் வளையமாகத் தெரிந்தது. அவளுக்குப் பக்கென்றது. கருப்புப் பவளத்துக்கும் இப்படித்தான் இருக்கும்.

"என்ன தாயி, பவளந்தான?" அவர் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார்.

"பொறுங்கய்யா. வளையத்த மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. பவளம்னா மேலெல்லாம் பொடிப்பொடியா முள்ளு இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அந்த முள்ளு எப்படி இருக்குன்னு பாத்துத்தான் எந்த வகைன்னே சொல்லுவோம்."

"அப்ப நல்லாப் பாருங்க. அவசரப்படாதீக."

வார்னிஷைச் சுரண்டிவிட்டுப் பார்த்தாள். முள் இல்லை. இன்னொரு கிளையிலும் இல்லை. நறுக்கிய நுனியை மறுபடி வைத்து இன்னும் பெரிதாக்கினாள். வளையங்களுக்கு நடுவே ஊசி குத்தினாற்போல் துளைகள், நூற்றுக்கணக்கில். செடிகொடியும் மரமும் தண்ணீர் உறிஞ்சுகிற துளைகள். பவளத்தில் அது எங்கிருந்து வரும்? மூன்று தடவை பார்த்து உறுதி செய்துகொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்யா, உங்களுக்கு ஜெயில் இல்ல. இது பவளமே இல்ல, வெறும் மரம். நம்ம ஊருக் கருவேல வேரு மாதிரி இருக்கு. எவனோ நல்லாக் கருக்கி, வார்னிஷ் அடிச்சு உங்கள ஏமாத்திருக்கான்."

ராமசுப்புவின் முகம் மலரவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கரி படிந்த கைகளைக் கூப்பினார்.

"பவளம்னே எழுதிருங்க தாயி. மூணு வருசத்த நான் எப்படியாச்சும் கழிச்சிருவேன். சீருல வச்சது எம் மூட்டத்துல நானே கருக்குன வேருன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா, எம் மக அந்த வீட்டுல ஒரு நா இருக்க முடியாது."