திங்கட்கிழமைக்குள் அழியுமா?

முகத்தில் துண்டு கட்டியிருந்தவனின் பேர், அவனை அதற்குமுன் பார்த்தே இராத டிரைவருக்கு எப்படித் தெரிந்தது? மூன்று வாரமாக ஜெயம்மாள் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இடஒதுக்கீட்டு மறியல் நடந்த நாளில், தியாகதுருகம் அருகே சாலையில் புளியமரத்தைச் சாய்த்து ஒரு பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவன் ஜன்னல் வழியாக டிரைவரின் தலையில் தடியால் அடித்தான். சேலத்துக்காரரான அந்த டிரைவர், "அடிச்சவன் சுப்புராயன்" என்று மட்டும் போலீசிடம் சொல்லிவிட்டு மயங்கிப்போனார்.

ஜெயம்மாளின் கணவன் சுப்புராயன் அன்று வெள்ளிமலையில் சாமைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தான். யார் கேட்டார்கள்? கடலூர் ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

அவளுக்குத் துணையாக வக்கீல் வீட்டுக்கு அலைந்தவன் கணவனின் சிநேகிதன் சின்னராசு. எந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் பூட்டியிருக்கும். "டிரைவரு தேறிட்டாராம் தங்கச்சி. திங்கக்கிழம அடையாளம் காட்ட வராராம்" என்று செய்தி கொண்டுவந்தவனும் அவன்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. கணவனைப் பார்க்கக் கிளம்பியவளின் பஸ், உளுந்தூர்பேட்டையில் மறுபடியும் மறியல் என்று பாதியில் திரும்பிவிட்டது. தான் வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி கிளினிக்குக்கே வந்து, திரைக்குப் பின்னால் ஊசிகளை வேகவைக்கத் தொடங்கினாள்.

திரைக்கு அந்தப் பக்கம் சின்னராசுவின் குரல் கேட்டது. "கம்பவுண்டர் சார், பச்சை குத்துனத அழிக்க முடியுமா? எனக்குப் பொண்ணு பாக்கறாங்க. கையில பழைய பொண்ணு ஒருத்தி பேரு கீது."

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்குக் கல்யாணமா!

மைக்கேல்ராஜ் கம்பவுண்டரிடம் யாராவது ஒன்றைக் கேட்டால் போதும், அன்றைக்கு அவருக்குத் திருவிழாதான். "தோலு ரெண்டு அடுக்குப்பா. மேலடுக்கு உதுந்து உதுந்து புதுசா வந்துக்கினே இருக்கும். ஊசி, மைய கீழடுக்குல எறக்கிடுது. அதான் எத்தினி சோப்பு போட்டாலும் போவாது."

"வேற இன்னா வழி?"

"உப்பப் போட்டுத் தோல ராவலாம். பல தபா ராவணும், தழும்பும் நிக்கும். சில பேரு ஆசிட் வெக்கிறானுங்க, கையே வெந்துடும். பெரிய ஆஸ்பத்திரில அந்தத் தோல வெட்டிட்டுத் தொடைத் தோல ஒட்டுவாங்க. மாசக்கணக்காவும்."

"திங்கக்கிழமைக்குள்ள போவணும் சார்."

"மாப்ளைக்கு அவ்ளோ அவசரமா? அப்ப எழுத்து மேலயே கொடி, பூவுன்னு குத்தி மறைச்சிடு. ஒரே நாள் வேலை. இத எங்க குத்துன?"

"திருநாவலூர் திருவிழாவுல சார். சிநேகிதனும் நானும் ஒண்ணா ஒக்காந்து..." சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ஜெயம்மாளின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. கல்யாணமாகி நாலு மாதம்தான். ஆனாலும் கணவனின் முன்கையில் 'சின்னராசு' என்று பச்சை குத்தியிருப்பது அவளுக்குத் தெரியும். திருநாவலூர் திருவிழாவில் குத்தியது என்று அவனும் சொல்லியிருக்கிறான்.

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தங்கச்சி... நீ ஜெயிலுக்குப் போவல?" சின்னராசுவின் முகம் வெளுத்தது.

அவன் கையை இழுத்துக்கொள்வதற்குள் சட்டையை முழங்கை வரை தள்ளிவிட்டாள். மைக்கேல்ராஜ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சுப்புராயன்... இன்னாப்பா, பொண்ணு பேருன்னியே?"

"எங்கூடவே வக்கீல் வூட்டுக்கு வந்தியேண்ணா" என்றாள் ஜெயம்மாள்.

அவள் கம்பவுண்டர் பக்கம் திரும்பினாள். "இத அழிக்காதீங்க சார். டிரைவரு மூஞ்சப் பாத்துப் பேரு சொல்லல, ஓங்குன கையில படிச்சிருக்காரு."