மூன்றாவது புள்ளி

ஸ்டுடியோவின் வெள்ளை விளக்குகள் கண்ணைக் கூசவைக்கின்றன. படக்காரரின் மனைவி நிறைமாத வயிற்றோடு குனிந்து, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்குத் தலை வாரிவிடுகிறாள். "சிரிடி என் தங்கமே" என்று கன்னத்தோடு கன்னம் இழைக்கிறாள். முதல் படத்தைப் படக்காரர் திரையில் பெரிதாக்க, காதோரம் மூன்று புள்ளிகள் தெரிகின்றன. "கொசுக்கடிங்க, அழிச்சிடுங்க" என்கிறாள் சிறுமியின் அம்மா. பழகிய விரல் மவுஸைத் தட்டத்தட்ட இரண்டு மறைந்துவிடுகின்றன. மூன்றாவதை அவர் இன்னும் பெரிதாக்குகிறார். சிவந்த தோலின்மேல் முத்துப்போல் நீர் கோத்த கொப்புளம். அதற்குள் விளக்கு மினுங்குகிறது. விரல் அப்படியே நிற்கிறது.

"பாப்பாவுக்குச் சின்னம்மை ஊசி போட்டீங்களா?"

"ஒண்ணு போட்டாச்சுங்க. ரெண்டாவதுக்குத்தான் போகலை. பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு உடம்பெல்லாம் வாரிப் போட்டுச்சு. இவ பாருங்க, ஓடியாடிக்கிட்டு இருக்கா."

படக்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்க்கிறார். எனக்கு அம்மை வந்ததும் இல்லை, ஊசி போட்டதும் இல்லை என்று போன வாரம்தான் டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டவள். அவள் இப்போது சிறுமியின் காதோரம் திட்டாக நிற்கும் பவுடரை விரலால் தேய்த்துவிடுகிறாள். தேய்த்த விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள்.

"என்னங்க, இவளுக்கு இங்க ஈரமா இருக்கு."