பதினோரு கை தாண்டிய பந்து

நூலகத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம், இது ஆசிரியை ஹால்வர்சன் போட்ட விதி. வெள்ளிக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்தில், எதிரணியின் கறுப்புப் பையன்கள் பந்தைத் தொட்டபோதெல்லாம் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் குரங்குபோல் சத்தமிட்டார்களே, அதைப் பற்றிப் பேசத்தான் இந்த வட்டம். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சுடுசட்டியைக் கைமாற்றுவதுபோல் பந்தைத் தள்ளிவிடுகிறார்கள். பதினோராவது கை க்ரெட்டாவுடையது. அவளுக்கு அடுத்த நாற்காலியில் கெண்ட்ரா. ஆறு வருடமாகப் பள்ளிப் பேருந்தில் கெண்ட்ராவின் பக்கத்து இருக்கை க்ரெட்டாவுக்குத்தான்.

"நீதான்டி சொல்லணும். உனக்குத்தானே தெரியும்," என்று கிசுகிசுத்து, பந்தைக் கெண்ட்ராவின் மடியில் வைக்கிறாள். வகுப்பில் கெண்ட்ரா ஒருத்திதான் கறுப்பு. எல்லாக் கண்களும் சட்டென்று அவள்மேல் மொய்க்கின்றன. ஆசிரியை பேனாவைத் திறந்துகொண்டு, பேசம்மா என்பதுபோல் தலையாட்டுகிறார். பதினோரு பேர் பிடித்த வெதுவெதுப்பு பந்தில் இன்னும் இருக்கிறது. கெண்ட்ரா பந்தைத் தூக்கி க்ரெட்டாவின் மடியிலேயே திரும்ப வைக்கிறாள்.

"எனக்கு என்னடி தெரியும்? அவனுங்க கத்துனப்ப நீ என் பக்கத்துல உக்காந்து சிரிச்ச. ஏன் சிரிச்சேன்னு நீ சொல்லு. நான் கேக்கறேன்."

க்ரெட்டாவின் முகம் காதுவரை சிவக்கிறது. பந்தைத் தனக்குக் கொடுத்த பையனிடமே நீட்டுகிறாள். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொள்கிறான்.